முதுகு திருப்பிச் சொன்ன பெயர்

யால்மரி அவரவர் நிற்க வேண்டிய நிலைகளைச் சொல்லத் தொடங்கியபோது ஹெய்மோ பிளாஸ்க் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார். நெருப்பைச் சுற்றி வேட்டைக் குழு முழுக்க நின்றிருந்தது. அக்டோபர் மாதத்து விடியல். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. வண்டிகளுக்குள் அடைத்த நாய்கள் எங்களை எப்போது விடுவீர்கள் என்று முனகிக்கொண்டிருந்தன.

"பிர்கோ, நீ பாறை மேடு," என்றார் யால்மரி. குழுவுக்குத் தலைவர் அவர். யார் எங்கே நிற்பது என்பது அவர் வாயிலிருந்து வர வேண்டும். "ஹெய்மோ, நீ வாய்க்கால் முனை."

மூடியைத் திருகிய கை நின்றுவிட்டது.

"அங்க வேற யாரையாவது போடேன்."

"யாரப் போட? இந்த வருஷம் ஆள் கம்மி. உனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு யால்மரி குனிந்து நெருப்பைக் கிளறினார். கிளற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. குறைந்த அந்த ஆள் சுலோ, ஹெய்மோவின் தம்பி. பிப்ரவரியில் ஏரிப் பனியில் துளை போட்டு மீன் பிடிக்க உட்கார்ந்தவன், தூண்டில் கையில் இருக்க, உட்கார்ந்தவாக்கிலேயே போய்விட்டான்.

"பக்கத்து நிலைல யாரு?" என்று கேட்டார் ஹெய்மோ.

"யாரும் இல்ல. சுலோ நின்ன எடம், ஒரு வருஷம் காலியாவே கெடக்கட்டும்னு நெனச்சேன். உனக்கு ஏதும் சங்கடமா?"

"எனக்கென்ன."

பிர்கோவுக்கு இந்த மாதிரி மௌனம் தாங்காது. பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவள், வாய் ஓயாது. "வாய்க்கால் முனைக் குளிரு இருக்கே, பல்லக் கழட்டிரும். அதுக்குத்தான் பல்லு இல்லாத ஆளாப் பாத்து அனுப்புறாங்க. நியாயம்தான."

எல்லாரும் சிரித்தார்கள். ஹெய்மோவும் மிச்சமிருந்த பல் தெரியச் சிரித்து வைத்தார். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியே நடந்தார்.

அந்த நிலையில் அவர் கால் வைத்துப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

விரட்டு வேட்டையில் ஒரே ஒரு சட்டம்தான் சட்டம். மற்றதெல்லாம் மாறலாம். ஒரு பக்கமிருந்து விரட்டுக்காரர்களும் நாய்களும் காட்டைக் கலைத்துக்கொண்டு வருவார்கள். மறுபக்கம் துப்பாக்கிக்காரர்கள் வரிசையாக, ஆளுக்கொரு நிலையில், அசையாமல் நிற்பார்கள். "விரட்டு முடிஞ்சது" என்று தலைவர் வாக்கி-டாக்கியில் சொல்லும்வரை யாரும் நிலையை விட்டு ஓர் அடி நகரக் கூடாது. பக்கத்தில் நிற்பவன் எங்கே நிற்கிறான் என்கிற நம்பிக்கையில்தான் ஒவ்வொருவனும் விசையில் விரல் வைக்கிறான். அந்த நம்பிக்கையை உடைப்பவன் மனிதனே இல்லை.

பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் பெரிய கொம்பு மூஸ் மான் ஒன்று இந்த வாய்க்கால் ஓரமாக வந்தது. குதிரைக்கும் மேலே உயரம், கால் மட்டும் நாலு பனங்கன்று நடந்து வருகிற மாதிரி என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். ஹெய்மோ துப்பாக்கியை ஏந்திவிட்டார். தொலைநோக்கிக்குள் அதன் விலா நிறைந்து நின்றது. விரல் விசையைத் தொட்டது. அந்த நொடியில் விலாவுக்குப் பின்னால், சுலோவின் நிலைக்கு வெகு இப்பால், ஆரஞ்சு நிறத்தில் ஒரு தலை அசைந்தது.

வேட்டைக்காரர்கள் எல்லாரும் ஆரஞ்சுத் தொப்பிதான் போடுவார்கள். ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளக் கூடாது என்றுதானே.

ஹெய்மோ துப்பாக்கியைக் கீழே இறக்கினார். மூஸ் போய்விட்டது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. வாக்கி-டாக்கியை எடுத்து எல்லார் காதும் கேட்கச் சொன்னார்: "சுலோ நிலைய விட்டு நகர்றான். சுட்டிருந்தேன்னா செத்திருப்பான்."

பயத்தில் சொன்னதுதான். ஆனால் பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. நெருப்பருகே எல்லாரும் கூடியபோது தம்பியின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"நான் நகரல," என்றான் சுலோ.

"என் கண்ணால பாத்தேன்டா."

"நகரல."

"ஒத்துக்கோ. ஒத்துக்கிட்டா விட்டுர்றேன். எவனும் செய்யறதுதான்."

"செய்யாதத எப்பிடி ஒத்துக்கறது?"

குழு அண்ணனை நம்பியது. சொந்தத் தம்பியைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு என்ன வந்தது? அந்த வருஷம் முழுக்கச் சுலோவுக்கு நிலை கிடையாது. துப்பாக்கி இல்லாமல் விரட்டுக்காரர்களோடு கத்திக்கொண்டு போனான், தாடி நரைத்த மனிதன். அடுத்த வருஷம் நிலை திரும்பக் கிடைத்தது. ஹெய்மோ தான் வேறு பக்கம் போய் நிற்பதாகச் சொல்லி வாய்க்கால் முனையை விட்டார். அண்ணன் தம்பி பேச்சு அன்றோடு நின்றது. அவன் ஒத்துக்கொள்ளட்டும் என்று இவர் இருந்தார், இவர் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும் என்று அவன் இருந்தான். ஒரே ஏரியின் இரண்டு கரையில் வீடு. ஒருவர் வீட்டு நீராவிக் குளியலறையான சவுனாவில் புகை எழும்பினால் இன்னொருவருக்குத் தெரியும்.

சாவுக்கு அழைத்தபோது ஹெய்மோ போனார். சவப்பெட்டியின் மேல் மலர் வைக்கும்போது ஓரிரு வார்த்தை சொல்வது ஊர் வழக்கம். அவர் வைத்தார், நின்றார், ஒன்றும் வராமல் திரும்பினார். சுலோவின் மனைவி ரைலி தலை தூக்கிப் பார்க்கவில்லை.

இப்போது வாய்க்கால் முனையில் நின்று, அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாகக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுதூரத்தில் நாய் ஒன்று குரைக்கத் தொடங்கியது. சூரியன் ஊசிமர நுனிகளுக்கு மேலே வந்தது. பனி உருகி மரங்களிலிருந்து சொட்டியது. மெல்லக் காற்று வந்தது.

ஓரக்கண்ணில் ஏதோ அசைந்தது.

திரும்பினார். சுலோவின் நிலைக்கு இப்பால், வாய்க்கால் கரையில், ஆரஞ்சுத் தொப்பி போட்ட தலை ஒன்று நின்றது. குனிந்தது. நிமிர்ந்தது. இடப்பக்கம் ஓர் அடி எடுத்து வைக்கிற மாதிரி சாய்ந்தது.

ஹெய்மோவின் கை அதுவாகவே வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுவந்துவிட்டது.

"யால்மரி, சுலோ நிலைல யாரு?"

கரகரவென்று பதில் வந்தது. "யாரும் இல்லன்னு சொன்னேனே. ஏன்?"

பொத்தானை அழுத்தியபடியே நின்றார். அவர் மூச்சு விடுவது எல்லார் காதிலும் கேட்டிருக்கும்.

"ஒண்ணுமில்ல."

அதன் பிறகு பாறை மேட்டுப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. பிர்கோ ஒரு கன்றை வீழ்த்தியதாகவும், சற்று நேரத்தில் யால்மரியே ஒரு கொம்பு மூஸை வீழ்த்தியதாகவும் செய்தி வந்தது. வாழ்த்துச் சொன்னார்கள். ஹெய்மோவும் சொன்னார் போலிருக்கிறது. "விரட்டு முடிஞ்சது" என்று கேட்கும்வரை அவர் நகரவில்லை. கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் நகரவில்லை.

அப்புறம் வாய்க்கால் கரையோடு நடந்தார்.

அது ஒரு மரக்கன்று. வீட்டுக்கு வீடு முற்றத்தில் நிற்குமே, குளிர் வந்தால் இலை நெருப்பாகப் பழுத்துக் கொத்துக் கொத்தாகச் சிவப்புக் காய் தொங்குமே, அந்தச் செங்காய் மரம். இலை முக்கால்வாசி கொட்டிப் போயிருந்தது. உச்சியில் மட்டும் ஒரு குஞ்சம் உதிராமல், காலை வெயில் பட்டுத் தகதகவென்று. சரியாக ஆள் உயரம். ஏன் வளரவில்லை என்பது பார்த்தவுடனே புரிந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் மூஸ் வந்து நுனியைக் கடித்துத் தின்றுவிட்டுப் போகும். கடித்த காயத்துக்குக் கீழே மறுபடி துளிர்க்கும். மறுபடி கடிக்கும். பதினோரு வருஷமும் அது ஒரு மனிதன் உயரத்துக்குமேல் போக வழியில்லாமல், முடிச்சு முடிச்சாகத் தடித்து நின்றுவிட்டது.

அன்றைக்குப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லையே என்று நினைத்தார். கண்ணால் கண்டதைப் போய் எதற்குப் பார்ப்பது என்றல்லவா இருந்தார்.

இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. கரையில் வேறு ஒரு புதர்கூட இல்லை. கோடையில் அவரவர் நிலையைச் சுற்றி அவரவர் வெட்டித் துப்புரவாக்க வேண்டும், குறி மறைக்கக் கூடாது. சுலோ அதில் படு சுத்தம். வெட்டிய குச்சிக்கட்டைகள் போன கோடை வெட்டியதும் அதற்கு முந்தைய கோடை வெட்டியதுமாக வரிசையாகத் தெரிந்தன. பார்வைக்கு நட்டநடுவே மறைத்துக்கொண்டு நிற்கிற இந்த ஒன்றை மட்டும் அவன் தொடவில்லை. சோம்பல் என்று சொல்ல அவன் சோம்பேறியும் இல்லை.

ஹெய்மோ கையுறையைக் கழற்றி அந்த இலைக்குஞ்சத்தைத் தொட்டார். இரண்டு இலை உதிர்ந்தது. கையை எடுத்துவிட்டார்.

ஒரு வாரம் மாமிசம் கொட்டகையில் தொங்கிப் பதமாக வேண்டும். அந்த ஒரு வாரமும் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் ஒருவன்தான். அவன் கல்லறைத் தோட்டத்தில் கிடந்தான். யால்மரிக்குப் போன் போட எடுத்துவிட்டு இரண்டு தடவை வைத்துவிட்டார். சவுனாவில் உட்கார்ந்து தண்ணீரைக் கல்லில் ஊற்றிக்கொண்டே இருந்தார், தோல் வெந்து போகிறவரைக்கும்.

பங்கு பிரிக்கிற நாள் வந்தது. கொட்டகைக்குள் நீள மேசை. அதன் மேல் மாமிசம் ஆளுக்கொரு குவியலாக வைத்திருந்தார்கள். தொடைக்கறி, விலா, குழம்புக்கறி, எல்லாவற்றிலும் எல்லாருக்கும். ஆனாலும் குவியலுக்குக் குவியல் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். பொறாமை வரக் கூடாதென்று ஒரு வழக்கம். ஒருவர் சுவரைப் பார்த்து முதுகு திருப்பி நிற்க வேண்டும். இன்னொருவர் ஏதாவது ஒரு குவியலைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். சுவரைப் பார்த்து நிற்பவர் ஒரு பெயர் சொல்வார். பெயருக்குரியவர் "இங்கே" என்று குரல் கொடுத்து எடுத்துக்கொள்வார். சொன்ன பெயர் சொன்னதுதான், மாற்ற முடியாது.

சுவரைப் பார்த்து நிற்பது எப்போதும் ஹெய்மோ. அவர் அப்பாவுக்குப் பிறகு அவர். தன் பெயரைத் தானே சொல்ல மாட்டார், கடைசியில் மிஞ்சுவது அவருக்கு.

அந்தப் பதினோரு வருஷமும் தம்பியின் பெயரை அவர் வாயால் சொன்ன இடம் அது ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு தடவை, முதுகைக் காட்டிக்கொண்டு, "சுலோ." பின்னாலிருந்து, "இங்கே." அவ்வளவுதான் அண்ணன் தம்பி பேச்சு.

"ஆரம்பிக்கலாமா பெரியவரே?" என்றாள் பிர்கோ. குவியல் தொடுவது அவள். "எனக்கு நல்லதாப் பாத்துச் சொல்லு. போன வருஷம் பூராம் எலும்பு. நாய்கூட என்ன ஏளனமாப் பாத்துச்சு."

"முதுகுல கண்ணு வெச்சா நான் பொறந்தேன்," என்றார் ஹெய்மோ.

"இது யாருக்கு?"

"யால்மரி."

"இங்கே."

"இது?"

"பிர்கோ."

"பாத்தியா, மறுபடி எலும்பு. இங்கே, இங்கே. இது யாருக்கு?"

சுவரில் ஒரு பலகைக் கணு. எல்லா வருஷமும் அவர் பார்த்து நிற்கிற அதே கணு. அதைப் பார்த்துக்கொண்டு பேர் சொல்லிப் பழகிய வாய், பழகிய வரிசையில், தானே திறந்தது.

"சுலோ."

அவர் காத்திருந்தார். அதுதான் கொடுமை, கேளுங்கள். சொன்னது உறைக்காமல், "இங்கே" என்று குரல் வரும் என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. கொட்டகைக் கூரையில் பனி உருகி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் அவருக்கு எல்லாம் தெரிந்தது.

யாரோ மெதுவாக, "விடு ஹெய்மோ, வாய் தவறிருச்சு. வேற பேர் சொல்லு," என்றார்கள்.

"வாய் தவறல," என்றார் ஹெய்மோ. இன்னும் திரும்பவில்லை. பலகைக் கணுவைப் பார்த்தே சொன்னார். "அவன் நகரல. அன்னிக்கு நான் பாத்தது ஒரு மரம். செங்காய் மரக்கன்னு. வாய்க்கால் கரைல இன்னமும் நிக்கிது, யாரு வேணாலும் போய்ப் பாருங்க. நகரலன்னு அவன் சொன்னது நெசம். நான்தான்."

நான்தான் என்பதோடு நின்றுவிட்டது. 

பிர்கோ குவியலிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நாங்களும்தானே அவனை விரட்டுக்காரர்களோடு அனுப்பினோம் என்று ஒவ்வொருவர் முகத்திலும் எழுதியிருந்தது. யால்மரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சொன்ன பேர் சொன்னதுதான். அது சுலோ பங்கு. தனியா எடுத்து வை, பிர்கோ. மேல சொல்லு, ஹெய்மோ."

மேலே சொன்னார். குவியல்கள் தீர்ந்தன. குவியல் போட்டிருந்தது உயிரோடிருப்பவர்களின் எண்ணிக்கைக்குத்தான். ஒரு பங்கு செத்தவனுக்குப் போனதால் கடைசியில் மேசை வெறுமையாக இருந்தது. ஹெய்மோவுக்கு இல்லை. யாரும் தன் பங்கிலிருந்து எடுத்துத் தர முன்வரவில்லை, அவர் வாங்க மாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். யால்மரி சுலோவின் பங்கை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி, மேலே வெள்ளைத்துணி போட்டு, அவர் கையில் கொடுத்தார்.

"நீயே கொண்டுபோ. நாங்க யாரும் கொண்டுபோக முடியாது."

ஏரியைச் சுற்றிப் போகிற பாதை அவருக்கு மறந்திருக்கவில்லை. தபால்பெட்டியின் மேல் இன்னும் இரண்டு பெயரும் இருந்தன. வாசலில் சுலோவின் ரப்பர் பூட்ஸ், உள்ளே தண்ணீர் தேங்காமலிருக்கக் கவிழ்த்து வைத்தபடி.

கதவைத் தட்டினார். ரைலி திறந்தாள். ஏப்ரனில் மாவு. அடுப்பில் ரை தானிய ரொட்டி வேகிற புளித்த வாசனை. அவரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"என்ன அது?"

"சுலோ பங்கு."

"செத்தவனுக்கு ஏது பங்கு?"

"பேர் சொல்லிட்டேன்." பெட்டியை ஏந்திக்கொண்டே நின்றார். கை வலித்தது, வலிக்கட்டும் என்று இருந்தது. "ரைலி, அன்னிக்கு நான் பாத்தது அவன் தொப்பி இல்ல. ஒரு மரம்."

"தெரியும்."

"யாரு சொன்னா? யால்மரி போன் பண்ணானா?"

"அப்பவே தெரியும். அந்த வேட்டைக்கு மறுநாளே சுலோ போய் உன் நிலைல நின்னு பாத்திருக்கான். வீட்டுக்கு வந்து சொன்னான், அண்ணன் பொய் சொல்லல, அந்த மரம் என்ன மாதிரியேதான் இருக்குன்னு."

 "அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நானும் அதத்தான் கேட்டேன். போய்ச் சொல்லித் தொலைன்னு. நான் சொன்னா சாக்கு சொல்றேன்னுதான் நெனப்பான், அவனுக்குக் கண்ணால பாக்கணும்னான். ஒவ்வொரு ஆகஸ்ட்லயும் அருவாளத் தூக்கிட்டுப் போயி எல்லாத்தையும் வெட்டுவான், அத மட்டும் விட்டுட்டு வருவான். இந்த வருஷம் அண்ணன் அங்க நிப்பான், இந்த வருஷம் நிப்பான்னு." ரைலி மாவுக்கையை ஏப்ரனில் துடைத்தாள். குரல் உயரவில்லை. "நீ ஒரு வருஷம் அங்க நின்னிருக்கலாம், ஹெய்மோ. ஒரே ஒரு வருஷம். அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பியிருக்கலாம்."

அவர் தலையாட்டினார். மறுக்க என்ன இருக்கிறது.

உள்ளே அடுப்பில் விறகு வெடித்தது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி இவர் பக்கம் திரும்பினாள்.

"பங்கு பிரிச்சு வீட்டுக்கு வந்தா, என்ன கறி கெடச்சுதுன்னு சொல்ல மாட்டான். அண்ணன் எப்பிடிப் பேர் சொன்னான்னுதான் சொல்லுவான். இந்த வருஷம் சளி பிடிச்சிருக்கும்போல, குரல் கட்டியிருக்குன்னுவான். ஒரு வருஷம் சாப்பிடாமக்கூட உக்காந்திருந்தான், அண்ணன் கோவமாச் சொல்லிட்டான்னு. போன வருஷம் நல்லா இருந்துச்சாம். சின்னப் பையனா இருக்கறப்ப கூப்பிட்ட மாதிரி இருந்துச்சாம்."

போன வருஷம் எப்படிச் சொன்னோம் என்று ஹெய்மோ நினைத்துப் பார்த்தார். ஞாபகம் இல்லை. சும்மா சொல்லியிருந்தார். பலகைக் கணுவைப் பார்த்து, அடுத்த பேருக்கு முந்தின பேராக, சும்மா.

"நான் ஒரு தரம்கூடக் கேட்டதில்ல," என்றாள் ரைலி. "நான் அந்தக் கொட்டகைக்கு வந்ததில்லயே. ஒரு தரம் சொல்லு."

அவர் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பெயர் வரவில்லை. இன்னொரு முறை முயன்றார். பிறகு பெட்டியை மெல்ல வாசற்படியில் வைத்துவிட்டு, அவளுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றார். எதிரே கவிழ்த்த பூட்ஸ், தபால்பெட்டி, அதற்கு அப்பால் ஏரி. தண்ணீர் ஓரத்தில் இந்த வருஷத்து முதல் பனிக்கட்டி கண்ணாடி மாதிரி மெலிசாகப் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"சுலோ," என்றார்.

பதிலுக்குரிய இடைவெளி விட்டு நின்றார். பழக்கம்.

பின்னால் பெட்டியைப் படியிலிருந்து தூக்குகிற சத்தம் கேட்டது. கதவு சாத்துகிற சத்தம் கேட்கவில்லை. இருந்தாலும் அவர் திரும்பிப் பார்க்காமல், ஏரியைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தார்.